சோப்பு படாத துணி

சாயங்காலம் ஏழு மணி நெருங்கினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அடுப்பில் எது கொதித்தாலும் சிம்மில் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து, மீன் தொட்டியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் வெப்பமானியைக் குனிந்து பார்ப்பேன். மூக்குக்கண்ணாடி போடாமல் ஒரு தரம், போட்டுக்கொண்டு ஒரு தரம். அப்புறம் ஃபோன் அடிக்கும்.

“எவ்ளோ?”

“இருபத்தாறு.”

“சரி.”

அவ்வளவுதான், வைத்துவிடுவான். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் என் தம்பியும் நானும் ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டது இதுதான். சாப்பிட்டியா கிடையாது, உடம்பு எப்படி கிடையாது. தண்ணீரின் சூடு எவ்வளவு, அது மட்டும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவன் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் ஏழு ஐந்து ஆகியும் ஃபோன் வரவில்லை என்றால் சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று அதை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். இந்தத் தொட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவன் எதற்காகக் கூப்பிடப் போகிறான்? எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அந்த ஒரு நம்பர்தான்.

அது கலர் மீன் விடும் சாதாரணத் தொட்டி இல்லை. நாலடி நீளத்துக்கு ஒரு துண்டுக் கடல். உப்புத் தண்ணீர், கல், கல்லின்மேல் உயிரோடு இருக்கும் பவழங்கள். பவழம் என்றால் மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல் என்றுதான் நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு பிராணியாம். ஒன்று தோசை மாதிரி பரந்து கிடக்கும். ஒன்று பச்சை விரல்களை நீட்டி ஆட்டிக்கொண்டே இருக்கும். ஒன்று விளக்கு போட்டால் மலரும், அணைத்தால் மூடிக்கொள்ளும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், மீசை வைத்த ஓர் இறால், கண்ணாடியை நக்கிக்கொண்டே திரியும் நத்தைகள். இதற்கெல்லாம் தண்ணீர் இருபத்தாறு டிகிரியில் இருக்கவேண்டும். இருபத்தெட்டு வரை பொறுத்துக்கொள்ளும். முப்பதைத் தாண்டி அப்படியே நின்றால் பவழம் வெளுத்துச் செத்துப்போகும். சித்திரை, வைகாசியில் எங்கள் செவிலிமேட்டு வீட்டில் மத்தியானம் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் காப்பியே கலக்கலாம். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு கடலைக் குளிரவைக்க வேண்டுமாம். கொழுப்புதானே?

குளிரவைத்தது ஹாலில் இருக்கும் ஏசியும், தண்ணீரின் மேல்பரப்பில் ஊதிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஃபேனும். அந்த ஏசியின் கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

அம்மா படுத்த படுக்கையான வருஷம் தம்பி அதை அம்மாவுக்காகத்தான் வாங்கினான். அம்மா இருந்த பின்னறையில் அவனே மாட்டினான். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அம்மா, “கையி காலெல்லாம் கொடையுதுடா. இத்த கழட்டு மொதல்ல, எனக்கு ஃபேனே போதும்” என்று அழுதேவிட்டாள். கழற்றி ஹாலில் மாட்டினான். அதற்கு அப்புறம்தான், ரொம்ப நாளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்த கடல் தொட்டியை ஹாலில் கொண்டுவந்து வைத்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக நானும் என் வீட்டுக்காரரும் அந்த வீட்டுக்கே குடிவந்திருந்தோம். எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

அம்மா ஆனி மாசம் போனாள். கருமாதியன்று பந்தியில் சொந்தம் மொத்தமும் இலைமுன் உட்கார்ந்திருந்தது. “கடைசில வேர்வையில ரொம்ப அவஸ்தைப்பட்டாளோ?” என்று யாரோ ஒரு சித்தி கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

“ஆமா, பெத்தவளுக்கு டேபிள் ஃபேனு, மீனுக்கு ஏசி. எங்க வூட்ல அப்டித்தான்.”

தம்பி சாம்பார் வாளியோடு என் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அந்தப் பந்தி முடியும்வரை பரிமாறினான். அடுத்த மாசமே மஸ்கட்டில் வேலை பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கிளம்பிய நேரத்தில் நான் வேலை பார்க்கும் கடையில் இருந்தேன். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மாசக்கணக்கில் வெந்த ஆத்திரம் எனக்குள் இருந்தது. அம்மாமேல் காட்ட முடியாது, சாமிமேல் காட்டிப் பிரயோசனமில்லை. தம்பி கைக்கெட்டும் தூரத்தில் நின்றான், அவன்மேல் கொட்டினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அது எனக்குப் பிறந்ததிலிருந்து வராது.

அவன் கிளம்பிய அன்றைக்குக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால், தொட்டிக் கண்ணாடியில் காலண்டர் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பின்பக்கம் முழுக்க அவன் கையெழுத்து. தண்ணீர் வற்றினால் கேன் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஏனென்றால் தண்ணீர்தான் வற்றும், உப்பு வற்றாது. சோப்போ துணி பவுடரோ பட்ட எதுவும் உள்ளே போகக் கூடாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் மோட்டாரும் சின்ன ஃபேனும் மட்டும்தான் ஓடும், ஏசி ஓடாது, அதனால் ஃபிரீசரில் எப்போதும் தண்ணீர் பாட்டில் உறையவைத்துத் தயாராக இருக்கவேண்டும். தொட்டிக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிகிற சின்னப் பெட்டியைத் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் கீழே, சிவப்புப் பேனாவில் இரண்டு கோடு போட்டு: செம்பு ஆகவே ஆகாது. காசு, மோதிரம், பாத்திரம் எதுவும். செம்பு பட்டால் மீன் தப்பித்தாலும் தப்பிக்கும், மற்றதெல்லாம் போய்விடும்.

அதன்படியே நடந்தேன். என் வீட்டுக்காரர் ஜோசியர் சொன்னார் என்று செம்பு மோதிரம் போட்டிருக்கிறார். அவரைத் தொட்டிக்கு ஒரு முழம் தள்ளித்தான் நிற்கவைத்தேன். “மச்சான் மீனுக்கு நான் தீட்டுப்பட்டவன் ஆயிட்டேன்” என்று சிரிப்பார். அவருக்கு என்ன, ஏசி ஹாலில் மீன்களோடு சேர்ந்து சொகுசாகப் படுத்துக்கொண்டார். நான் அங்கே படுக்கவில்லை. அம்மாவின் பின்னறையில், அதே டேபிள் ஃபேனுக்கு முன்னால் பாய் போட்டுக்கொண்டேன். ஏன் என்று அவர் நாலைந்து தரம் கேட்டார். எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைத்தேன். பச்சைப் பொய்.

வெயில் ஏற ஏற என் நிலைமை மோசமானது. நான் வேலை பார்ப்பது ஒரு பட்டுக் கடையில். தறியிலிருந்து வருகிற புடவையை வெளிச்சத்தில் பிடித்து இழை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதும், ஜரிகையில் ஒரு இழையை எடுத்துக் கல்லில் உரசி வெள்ளியா செம்பா என்று பார்ப்பதும் என் வேலை. அங்கே உட்கார்ந்திருக்கும்போதே வீட்டில் கரண்ட் போயிருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்கு ஃபோன் போட்டு, “அக்கா, கரண்ட் இருக்குதா?” என்பேன். “இருக்குதும்மா, இப்பத்தான கேட்ட” என்று அவர்கள் அலுத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிமுன் போய் நிற்பேன். இருபத்தாறு. அப்பாடா. பத்து நிமிஷத்தில் மறுபடியும் போய் நிற்பேன்.

வைகாசித் தேர் வந்தது.

தேரன்று கரண்ட் எடுப்பார்கள், இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தேர் போகிற வீதியில் மேலே ஒயர் இருக்கக் கூடாது. எங்கள் தெருவுக்குத் தேர் வராவிட்டாலும் லைன் அங்கேயிருந்துதான் வருகிறது. விடிகாலையில் எடுத்தால், தேர் சுற்றி நிலைக்கு வந்தவுடன் கொடுத்துவிடுவார்கள். எப்படியும் பத்துப் பதினொன்றுக்குள் வந்துவிடும். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். கடைக்கு லீவு சொல்லியிருந்தேன். ஃபிரீசரில் எட்டு பாட்டில் பனிக்கட்டியாக இருந்தது. வீட்டுக்காரர் குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு வடம் பிடிக்கப் போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு இருபத்தாறரை. பத்தரைக்கு இருபத்தேழு. பாட்டிலைப் போட்டேன். பதினொன்றரைக்கு அவருக்கு ஃபோன் செய்தேன்.

“தேர் எங்க வருது?”

“மூலையில நிக்குது. சக்கரம் திரும்ப மாட்டேங்குது. கட்டை போட்டுக்கினு இருக்காங்க.”

“நிக்குதுன்னா இன்னா அர்த்தம்? அங்க போயி இன்னா பண்றீங்க நீங்க? நல்லா இழுங்களேன்!”

“ஏம்மா, நான் ஒருத்தன் இழுத்தா வந்துடுமா? ஊரே இழுக்குது.”

பன்னிரண்டு மணிக்குக் கேட்டேன், மூலையில். ஒரு மணிக்குக் கேட்டேன், மூலையில். வாசலில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, “தேர் நகந்துச்சா?” என்றேன். பக்கத்து வீட்டுக்காரம்மா கோலத்தைத் தாண்டி வந்து, “இந்த வருஷம் உனக்கு பக்தி முத்திப்போச்சு போலக்குதே” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பக்தியாவது ஒன்றாவது! சாமி சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது எனக்கு.

இரண்டு மணிக்கு எட்டாவது பாட்டிலும் கரைந்துவிட்டது. முக்குக் கடையில் ஜூஸ் போடுகிறவரிடம் கெஞ்சி இரண்டு கவர் ஐஸ் வாங்கி வந்து, முடிச்சுப் போட்டு மிதக்கவிட்டேன். ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மூன்று மணிக்கு முப்பது. பச்சை விரல்கள் எல்லாம் சுருங்கிவிட்டன. தோசைப் பவழம் ஓரத்தில் வெளுத்த மாதிரி இருந்தது, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரிந்ததோ. இன்னும் நாலு மணி நேரத்தில் ஃபோன் வரும். ‘எவ்ளோ’ என்பான். முப்பது என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்? ‘அன்னிக்கு அத்தன பேர் எதுர்ல கேட்டாளே, இப்ப பழி தீர்த்துட்டா’ என்று நினைக்கமாட்டானா? நானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அப்போதுதான் பானைக்கு ஈரத்துணி சுற்றுவது ஞாபகத்துக்கு வந்தது. துணியின் ஒரு நுனி தொட்டிக்குள் இருந்தால் தண்ணீர் அதில் ஏறும். மீதித் துணியை விரித்துக் கட்டி ஃபேனைத் திருப்பிவிட்டால் காற்றில் காய்ந்துகொண்டே இருக்கும், தண்ணீர் குளிரும். வெளியே அனல்காற்று வேறு வீசிக்கொண்டிருந்தது, நன்றாகவே காயும். துண்டை எடுத்தேன். மூக்கில் வைத்தால் சோப்பு வாசனை. வேட்டி, சோப்பு. தலையணை உறை, சோப்பு. பிரிக்காத புது லுங்கி ஒன்று இருந்தது, அதில் கஞ்சி. இந்த வீட்டில் சோப்பு படாத துணி ஒரு முழம்கூட இல்லையா என்று பீரோவைக் குடைந்தேன்.

இருந்தது. அம்மாவின் முகூர்த்தப் பட்டு.

எங்கள் ஊரில் எவளாவது முகூர்த்தப் புடவையில் சோப்பு போடுவாளா? அம்மா அதை ஆயுசில் நாலோ ஐந்தோ தடவை கட்டியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துவிடுவாள். அரக்குக் கலர், ஒரு சாண் ஜரிகைக் கரை, முந்தி முழுக்க ஜரிகை. பிரித்தபோது வசம்பு வாசனை வந்தது. பக்கெட்டில் கேன் தண்ணீர் ஊற்றி முக்கிப் பார்த்தேன். சாயம் ஒரு பொட்டுகூட இறங்கவில்லை.

செம்பு ஞாபகத்துக்கு வராமல் இல்லை. சிவப்புப் பேனாவில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்ததே. ஆனால் அதோடு கூடவே அம்மா குரலும் வந்தது: “உங்கப்பா சுத்த வெள்ளி ஜரிகதான் வேணும்னு தறிக்காரர்கிட்ட நின்னு நெய்ய வெச்சாரு.” ஆயிரம் தடவை கேட்டது. தினம் எத்தனையோ புடவையை உரசிப் பார்க்கிறவள்தான் நான். பெற்ற தாயின் முகூர்த்தப் புடவையை யாராவது உரசிப் பார்ப்பார்களா?

முந்தி நல்ல கனம், விட்டவுடன் தண்ணீருக்குள் இறங்கி நின்றது. மீதியை இரண்டு நாற்காலிக்கு நடுவில் கொடி கட்டி விரித்தேன். சின்ன ஃபேனை அதன்மேல் திருப்பினேன், ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். நாலரைக்கு இருபத்தொன்பதரை. எனக்கே நம்பிக்கையில்லை, வெப்பமானியைத் தட்டிப் பார்த்தேன். ஐந்தரைக்கு இருபத்தெட்டரை. பட்டு தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது, நான் தொட்டியில் கேன் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஏழு மணிக்கு இருபத்தேழு. புடவையின் இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் மீன் போவது மங்கலாகத் தெரிந்தது. அம்மா, நீதான் காப்பாத்தின என்று வாய்விட்டே சொன்னேன்.

ஃபோன் அடித்தது.

“எவ்ளோ?” இந்தத் தடவை குரலில் ஓர் அவசரம் இருந்தது.

“இருபத்தேழு.”

“இருபத்தேழா? நெஜமாவா?”

“பொய்யா சொல்றேன்? காலையிலேர்ந்து கரண்ட்டே இல்ல. தேர் மூலையில நின்னுபோச்சு.”

“எப்டி எறக்குன?”

“எப்டியோ எறக்குனேன்.”

“நல்லா பாத்துக்கறக்கா,” என்றான். வைத்துவிட்டான்.

அக்கா என்றான். ஒரு வருஷத்துக்கு அப்புறம். நான் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, யாருமில்லாத வீட்டில், நன்றாக அழுதேன். கொஞ்ச நேரத்தில் தேர் நிலைக்கு வந்து கரண்ட்டும் வந்தது. வீட்டுக்காரர் உள்ளங்கையெல்லாம் கொப்புளத்தோடு வந்து, ஹாலில் விரித்திருந்த புடவையைப் பார்த்து வாயைப் பிளந்தார். ஏசியைப் போட்டோம். புடவையை அப்போதே எடுத்திருக்க வேண்டும். எடுக்க மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம் குளிரட்டும் என்று ஒரு சாக்கு. உண்மையில் அம்மா அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றியது. அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.

காலையில் நத்தைகள் மணலில் மல்லாந்து கிடந்தன. மீசை இறால் ஒரு கல்லின் இடுக்கில் வெள்ளையாகச் சுருண்டிருந்தது. விளக்கு போட்டேன். மலர்கிற பவழம் மலரவில்லை. வெப்பமானியைப் பார்த்தேன், இருபத்தாறு. சரியாக இருபத்தாறு. பிறகு எதனால் செத்தன? புடவையை வெளியே தூக்கினேன். முந்தியின் ஜரிகை தண்ணீருக்குள் இருந்த இடம் வரைக்கும் பச்சை பூத்திருந்தது. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் வருமே, அதே களிம்பு.

கடைக்கு ஓர் இழையைக் கத்தரித்து எடுத்துப்போய் உரசினேன். செம்பு. அப்பட்டமான செம்பு. அப்பா தெரிந்தே ஏமாற்றினாரா, தறிக்காரர் அப்பாவை ஏமாற்றினாரா, கேட்பதற்கு இப்போது ஒருத்தரும் இல்லை. அம்மா வெள்ளி என்றே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். கல்லை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்து மேஜைப் பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

கொளத்தூரில் தொட்டியில் வளர்க்கும் கடல் மீன் விற்கிற கடை ஒன்றுக்கு ஃபோன் செய்து, யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். “வெள்ளியா இருந்தாலும் கெடுதல்தாம்மா. ஜரிகைய போயி யாராவது போடுவாங்களா?” என்றார் கடைக்காரர். அது எனக்கு ஆறுதலாக இல்லை. “தண்ணி மாத்துனா சரியா பூடுமா?” என்றேன். “கல்லு செம்ப குடிச்சிருக்கும். அது இனிமே கொஞ்சங் கொஞ்சமா கக்கிக்கினே இருக்கும். மீனு இருக்கும், வேற எதுவும் அதுல பொழைக்காது” என்றார். அப்படியேதான் ஆனது. ஒரு வாரத்துக்குள் பச்சை விரல்கள் சளி மாதிரி கரைந்து ஓடின. தோசைப் பவழம் எலும்பு வெள்ளையாகிவிட்டது. இரண்டு மீன் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல அந்தக் கற்களுக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருந்தன.

ஏழு மணிக்கு ஃபோன் வரும். “எவ்ளோக்கா?” என்பான். “இருபத்தாறு” என்பேன். அது பொய்யில்லை, இருபத்தாறுதான். “சரிக்கா” என்பான். தேரன்றிலிருந்து தினமும் அந்த அக்கா சேர்ந்துகொண்டது. அது ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்றது. பிணத்தின் காய்ச்சலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. கடையில் இரண்டு புடவையில் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“கொளத்தூர்ல போயி அதே மாதிரி வாங்கியாந்து வெச்சுடேன். அவனுக்கு இன்னா தெரியப்போவுது?” என்றார் வீட்டுக்காரர்.

“அந்தக் கல்லுல அதுவும் சாவும். இன்னும் எத்தினிய சாவடிக்கச் சொல்றீங்க?” என்று அவர்மேல் எரிந்துவிழுந்தேன். பாவம், நல்லதுக்குத்தான் சொன்னார்.

நாலாவது வாரம் தம்பி, சரி என்று வைப்பதற்கு முன்னால் ஒரு வரி சேர்த்தான். “அம்மா திதிக்கு லீவு குடுத்துட்டாங்க. வரேன்.”

மறுநாள் முழுக்க நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். வந்து வாசலில் நின்று அவன் பார்ப்பது ஒன்று, நான் சொல்லி அவன் கேட்பது ஒன்று. அம்மா திதிக்கு வருகிறவனை இதோடு வரவேற்கக் கூடாது. சொன்னால் ஒருவேளை வராமலே போய்விடுவான், இனி கூப்பிடவும் மாட்டான். போகட்டும், என் வாயால் போனது என் வாயாலேயே போகட்டும் என்று ஏழு மணிக்கு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிமுன் உட்கார்ந்தேன்.

“எவ்ளோக்கா?”

“இருபத்தாறு. டேய், வெச்சுடாத.”

“ம்.”

“எல்லாம் செத்துப்போச்சுடா. பவழம், எறா, நத்த, எல்லாமே. தேரன்னிக்கு சூடு எறங்கலன்னு அம்மா முகூர்த்தப் பொடவைய முக்கிப் போட்டேன். வூட்ல சோப்பு படாத துணி அது ஒன்னுதான் இருந்துச்சு. ஜரிக வெள்ளின்னு நெனச்சேன், செம்பு. மீனு ரெண்டும்தான் இருக்குது. நாலு வாரமா உன்கிட்ட நெம்பர மட்டும் சொல்லிக்கினு இருக்கேன்.”

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவன் அங்கேயிருந்து நகர்ந்து போனான் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது.

“நெம்பரு எனக்குத் தெரியும்க்கா” என்றான். “பின்னாடி பச்ச லைட்டு எரியற பொட்டி இருக்குதுல்ல? அதுலேர்ந்து என் ஃபோனுக்கே வந்துடும். மொத நாள்லேர்ந்து வந்துக்கினுதான் இருக்குது. தேரன்னிக்கு மட்டுந்தான், கரண்ட் இல்லாததால வரல.”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பெட்டியைப் பார்த்தேன். பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

“அப்ப எதுக்குடா தெனம் கேட்ட?”

“வேற இன்னா கேக்கறதுன்னு தெரியல.”

ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் இருந்தது தானாக வெளியே வந்தது.

“அம்மாதான் ஏசி வேணாம்னுச்சு. எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சேதான் அன்னிக்கு பந்தியில அப்டிச் சொன்னேன்.”

“வலிச்சுதுக்கா” என்றான்.

“தெரியும்டா.”

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“மாமா சொன்னாரு,” என்றான், “நீ அம்மா ரூம்லயே படுத்துக்கறியாமே.”

இந்த மனுஷன் எனக்குத் தெரியாமல் மச்சானிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்! “ஆமா” என்றேன்.

“அங்க எவ்ளோ?”

“எங்க?”

“அந்த ரூம்ல.”

தொட்டிக்குள் கை விட்டு வெப்பமானியைப் பிய்த்தெடுத்தேன். முந்தானையில் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அம்மா படுத்திருந்த இடத்தில், என் பாயின்மேல் உட்கார்ந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவனும் காத்திருந்தான். அது மெல்ல மெல்ல ஏறி நின்றது.

“முப்பத்தி நாலு.”

“ரொம்பக்கா,” என்றான் தம்பி. “ஹாலுக்கு வந்து படு.”

அவன் வைக்கவில்லை. நான் ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பாயைச் சுருட்டினேன்.